சண்டை எங்கே என்று கேட்ட ஆசிரியர்களுக்கு

கனடாவில் தமிழ் வகுப்புகள் நடத்தும் ஆசிரியர்களுக்கும், நவம்பர் 11 நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

சென்ற ஒக்டோபரில் உங்களைப் போன்ற ஒரு பள்ளியிலிருந்து எனக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. போரில் மாண்டவர்களுக்கான நினைவு நாளுக்குப் பிள்ளைகள் நடிக்கப் பத்து நிமிட நாடகம் ஒன்று வேண்டும். பொருள், இரண்டாம் உலகப்போரில் கனடாவின் கடற்படை. நான் எழுத்தாளன் அல்லன். சரக்குக் கப்பல்களில் இருபது வருடம் சமைத்தவன். இப்போது ஹலிபக்ஸில் குடியிருக்கிறேன். இங்கே கரையோரம் கட்டி நிற்கும் 'சாக்வில்' என்ற பழைய போர்க்கப்பலைக் கோடைக்குக் கோடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் என்னைக் கேட்டார்கள்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு சமையற்காரன், ஒரு பையன், ஒரு தட்டு. கப்பலின் பின்பக்கத்துக் குசினியிலிருந்து முன்பக்கத்தில் பசியோடு காத்திருக்கும் கூட்டாளிகளுக்குப் பையன் இறைச்சிக் குழம்பு கொண்டுபோகவேண்டும். நடுவில் கூரையில்லாத திறந்த தளம். இருட்டு. அலை. பாதி வழியில் குழம்பு கடலோடு போய்விடுகிறது. பையன் வெறும் தட்டோடு போய் நிற்கிறான். யாரும் அவனை ஏசவில்லை. அவ்வளவுதான் நாடகம்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் ஆசிரியர் பேசினார். மரியாதையானவர். "நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் இதில் சண்டை எங்கே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சமையற்காரனுக்குப் பதில் மறுநாள்தான் வரும். கடைசியில் வேறு நாடகம் போட்டார்கள். அட்டைப் பீரங்கி, தொப்பி வைத்த கப்டன், 'சுடு' என்று ஒரு கட்டளை, நீர்மூழ்கி ஒன்று மூழ்குகிறது, கொடி ஏறுகிறது. பிள்ளைகள் அருமையாக நடித்தார்கள். நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் உறுத்தியது. அன்று சொல்ல வராத பதிலை இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கப்பலைப் பற்றி. சாக்வில் ஒரு கொர்வெட், அதாவது சிறிய காவல் போர்க்கப்பல். 1941 மே மாதம் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜோனில் கடலில் இறக்கி, அந்த ஆண்டு டிசெம்பர் கடைசியில் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் 205 அடி. அகலம் 33 அடி. திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவத்தைப் பார்த்து வரைந்த கப்பல் அது; போர்க்கப்பல் கட்டிப் பழகாத சிறிய பட்டறைகளும் கட்டிவிட வேண்டும் என்பதற்காக அப்படி. பிரித்தானியர் தங்கள் கொர்வெட்டுகளுக்குப் பூக்களின் பெயர்களை வைத்தார்கள். நீர்மூழ்கிகளைத் தேடிப்போன கப்பல்களுக்கு 'பிரிம்ரோஸ்', 'புளூபெல்' என்று பெயர்! கனடா தன் சின்ன ஊர்களின் பெயர்களை வைத்தது. இந்த வகையில் 260க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது சாக்வில் ஒன்றுதான்.

மிஞ்சிய அந்த ஒரு கப்பல், போர் முழுவதிலும் ஒரு நீர்மூழ்கியைக்கூட மூழ்கடித்ததாகக் கணக்கில்லை. 1942 ஓகஸ்டில் மூடுபனிக்குள் அடுத்தடுத்து ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு மோதி, இரண்டைச் சேதப்படுத்தித் திருப்பி அனுப்பியது. அதுவே அதன் பெரிய சண்டை. அதைத்தான் கனடா தன் கடற்படையின் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறது. ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கப்பலின் வேலை மூழ்கடிப்பது அல்ல. கூடப் போவது. ஊரில் இருட்டிய பிறகு கிணற்றடிக்கோ ஒழுங்கை முனைக்கோ போக ஒருவர் கூட வருவாரே, அந்த வேலை. தமிழில் இதற்கு வழித்துணை என்ற சொல் இருக்கிறது. சண்டைக்கப்பல் என்று சொல்வதைவிட வழித்துணைக் கப்பல் என்று சொல்வது எனக்குப் பிடிக்கும்.

ஹலிபக்ஸ் துறைமுகத்தின் உள்ளே பெட்போர்ட் பேசின் என்று ஒரு பெரிய நீர்ப்பரப்பு உண்டு. சரக்குக் கப்பல்கள் அங்கே கூடிக் காத்திருக்கும். கோதுமை, எண்ணெய், மரம், இறைச்சி, வெடிமருந்து. நாற்பது ஐம்பது கப்பல்கள் வரிசை வரிசையாக அணிவகுத்து இங்கிலாந்தை நோக்கிப் புறப்படும். இப்படிக் கூட்டமாகப் போவதுதான் தொடரணி. மெதுவான தொடரணிகளுக்கு விதித்த வேகம் மணிக்கு 7 கடல் மைல். நீங்கள் மிதிவண்டி மிதிக்கிற வேகம். அந்த வேகத்தில் வட அத்திலாந்திக்கைக் கடக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். சுற்றிவர நான்கைந்து கொர்வெட்டுகள், ஒன்றிரண்டு நாசகாரிகள். கொர்வெட் முழு மூச்சில் ஓடினால் 16 கடல் மைல். கடல் மட்டத்துக்கு மேலே வந்து ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கி அதைவிடக் கொஞ்சம் வேகம். துரத்தினாலும் பிடிக்க முடியாது என்று தெரிந்துகொண்டே துணை போனார்கள்.

துணை போனவர்கள் யார்? 1939இல் போர் தொடங்கியபோது கனடாவின் கடற்படையில் சேமப்படையையும் சேர்த்து ஏறத்தாழ 3,500 பேர். முடிந்தபோது ஏறத்தாழ 100,000 பேர். நடுவே வந்து சேர்ந்தவர்களில் பலர் சஸ்காச்சுவான், மனிற்ரோபா கோதுமை வயல்களிலிருந்து வந்த பையன்கள். கப்பலில் கால்வைக்கும் வரை கடலைக் கண்ணால் காணாதவர்கள். பத்தொன்பது, இருபது வயது. உங்கள் பள்ளியில் படித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளின் வயது.

கொர்வெட் உருளும். ஈரப் புல்லில் பனி விழுந்தாலும் உருளும் என்று மாலுமிகள் பகடி பண்ணுவார்கள். நான் வேலை செய்த கப்பல்கள் இதைப்போல மூன்று மடங்கு பெரியவை. மாசி மாதத்து அத்திலாந்திக்கில் அவற்றிலேயே குழம்பைப் பானையில் பாதிக்கு மேல் வைக்கமாட்டோம். பானையை அடுப்பின் கம்பிச் சட்டத்தோடு கட்டுவோம். கரண்டியைக் கீழே வைத்தால் திரும்பி எடுக்க அது இருக்காது. இரண்டு கையாலும் சமைப்பது என்பது கரையில் மட்டும்தான். கடலில் ஒரு கை சமைக்கும், மறு கை எதையாவது பிடித்திருக்கும். இது 1990களில், ஆயிரக்கணக்கான தொன் கப்பலில். அவர்களுக்கு 205 அடி.

முதலில் கட்டிய கொர்வெட்டுகளில் குசினி பின்னால். மாலுமிகள் தங்கும் இடம் முன்னால், அணியத்தின் அடியில். இரண்டுக்கும் இடையே மேல்மூடி இல்லாத தாழ்ந்த தளம். வரைந்தவருக்குப் பசித்ததே இல்லை போலிருக்கிறது. அலை ஏறி விழுந்தால் அந்தத் தளத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். சாப்பாட்டு முறைக்காரன் ஒரு கையில் தட்டு, மறு கையில் கயிறு என்று, இரண்டு அலைகளுக்கு இடையில் கிடைக்கும் சில விநாடிகளை எண்ணி ஓடவேண்டும். குழம்பு போய்ச் சேர்ந்தால் ஆறியிருக்கும், சேராமலும் போகும். இன்று நீங்கள் சாக்வில்லுக்குப் போனால் இந்தத் திறந்த தளத்தைக் காணமாட்டீர்கள். 1944இல் முன்தளத்தைப் பின்னோக்கி நீட்டி மூடிவிட்டார்கள். அதற்கு முந்திய குளிர்காலங்களில்தான் என் நாடகத்துப் பையன் ஓடுகிறான்.

என்ன சாப்பிட்டார்கள்? முதல் சில நாள் பாண் இருக்கும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும்; பச்சையை வெட்டி எறிந்துவிட்டு நடுவைத் தின்பார்கள். அதுவும் தீர்ந்தால் கல்லுப் பிஸ்கட். தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சி. தகரத்தில் அடைத்த தக்காளியைப் பன்றியிறைச்சியோடு சூடாக்கிக் கொடுப்பதும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர், இரும்பு துருப்பிடிக்காமல் அடிக்கும் சிவப்புப் பூச்சின் பெயர். நடுச்சாமக் காவலுக்கு மட்டும் ஒரு நல்ல பொருள் இருந்தது. 'கை' என்பார்கள். கட்டிச் சொக்லேற்றைக் கத்தியால் சீவி, கொதிநீர் ஊற்றி, ரின்பால் விட்டுக் கலக்கிய பானம். கரண்டி நட்டால் நிற்கவேண்டும், அதுதான் பதம். நான் வீட்டில் செய்து பார்த்தேன். தித்திப்பு அதிகம், ஆனால் ஜனவரி இரவில் கோப்பையைப் பிடித்த விரல்களுக்கு உயிர் வருகிறது.

தூங்குமிடமும் சாப்பிடுமிடமும் ஒன்றே. தொங்கு படுக்கைகள் தோளோடு தோள் உரசும். கட்டக் கொக்கி கிடைக்காதவர்கள் பெட்டிகளின் மேலும் தரையிலும் படுத்தார்கள். ஐம்பதுக்கும் குறைவானவர்களுக்கென்று வரைந்த கப்பலில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றினார்கள் அல்லவா. வெளியே உறைபனி, உள்ளே மூச்சுக்காற்று. இரும்புச் சுவர் வியர்த்து மேலே சொட்டும். உடுப்பு நனைந்தால் கரை காணும் வரை ஈரம்தான். நான்கு மணிநேரம் காவல், நான்கு மணிநேரம் ஓய்வு. மாலையில் மட்டும் இரண்டு இரண்டு மணிநேரமாகப் பிரிப்பார்கள், ஒரே ஆளுக்கே தினமும் நடுச்சாமம் விழாமலிருக்க. ஓய்வு என்று சொல்லும் அந்த நான்கு மணிநேரத்தில்தான் சாப்பிடவேண்டும், கழுவவேண்டும், துடைக்கவேண்டும். அபாய மணி அடித்தால் ஓய்வு கிடையாது.

குளிர்காலத்தில் இன்னொரு வேலை. தெறிக்கும் கடல்நீர் விழுந்த இடத்திலேயே உறைந்து பீரங்கி, கம்பி, ஏணி எல்லாவற்றிலும் பனிக்கட்டியாக ஏறும். அப்படியே விட்டால் மேற்பாரம் கூடிக் கப்பல் குடைசாய்ந்துவிடும். கோடரி, மரச் சுத்தியல், பேஸ்போல் மட்டை, எது கையில் கிடைத்ததோ அதால் அடித்து உடைத்தார்கள். இதற்கும் பதக்கம் இல்லை.

சிரிப்பும் இருந்தது. பீரங்கியின் முன்மறைப்பில் கேலிச்சித்திரம் வரைவது இவர்கள் வழக்கம். அல்பேர்ட்டாவின் வெட்டாஸ்கிவின் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய கொர்வெட்டில், ஒரு ராணி தண்ணீர்க் குட்டையில் பொத்தென்று விழுந்து உட்கார்ந்திருப்பதுபோல வரைந்திருந்தார்கள். ஊரின் பெயரை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் ராணியின் நனைந்த பின்புறம் வரும். இதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் பொறுப்பில் விடுகிறேன்.

இனி, சண்டை. சண்டை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். 'அஸ்டிக்' என்ற கருவி நீருக்குள் ஓர் ஒலியை அனுப்பும். ஏதாவதொன்றில் பட்டால் எதிரொலி வரும். காதில் கருவியை மாட்டிய பையன் மணிக்கணக்காக அதையே கேட்டுக்கொண்டிருப்பான். எதிரொலியின் சுருதி கூடினால் எதிரில் வருகிறது, குறைந்தால் விலகிப் போகிறது. மீன் கூட்டமும் எதிரொலி தரும், திமிங்கிலமும் தரும். சந்தேகத்தின் பேரில் எத்தனை இரவு எழுப்பப்பட்டிருப்பார்கள்! மெய்யாகவே நீர்மூழ்கி என்றாலும், கப்பல் கிட்ட நெருங்கியதும் எதிரொலி அறுந்துவிடும். கடைசி நேரத்தில் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கணக்குப் போட்டு ஆழ்நீர்க் குண்டுகளை உருட்டிவிடவேண்டியதுதான். எண்ணெய்ப் பீப்பாய் போன்றவை அவை, குறித்த ஆழத்தில் வெடிக்கும். பிறகு கடல் வெள்ளையாக எழுந்து அடங்கும். பெரும்பாலும் செத்த மீன்கள் மிதக்கும். கீழே இருந்தவன் போய்விட்டானா, செத்தானா, இருந்தானா என்பதே தெரியாது. அட்டைப் பீரங்கியால் இதைக் காட்ட முடியாது.

இன்னொன்று, எழுதவே கை கூசுகிறது. டோர்ப்பிடோ பட்ட சரக்குக் கப்பலின் ஆட்கள் எண்ணெய் படிந்த நீரில் கிடந்து கூப்பிடும்போது, வழித்துணைக் கப்பல் நினைத்த இடத்தில் நின்று தூக்க முடியாது. நின்றால் அதுவும் இலக்கு. மற்ற நாற்பது கப்பல்களுக்கும் அந்தப் பக்கம் காவல் இல்லை. சில நேரம் நின்றார்கள், சில நேரம் கடந்து போனார்கள். நீரில் கிடந்தவர்களில் நம்முடைய ஆட்களும் உண்டு. பிரித்தானிய வணிகக் கப்பல்களில் 'லஸ்கார்' என்ற பெயரில் நிலக்கரி அள்ளியவர்கள், எண்ணெய் போட்டவர்கள், சோறு சமைத்தவர்கள் என இந்தியத் துணைக்கண்டத்தவர் பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இயந்திர அறையில் நின்றவன் மேலே ஓடிவர எத்தனை படி ஏறவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நியூபவுண்ட்லாந்தின் சென்ற் ஜோன்ஸ் நகரில், ஒரு பழைய கிட்டங்கியின் மேல்மாடியில், கப்பல் அதிகாரிகள் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். இப்போதும் இருக்கிறது. 1942 ஜனவரியில் அது திறந்த புதிதில், கப்டன்களுக்குள் ஒரு விளையாட்டு: ஒரு பெரிய ஆணியை யார் குறைந்த அடியில் மரத்தரைக்குள் இறக்குவது? 'ஸ்பைக்னாட்' என்ற கொர்வெட்டின் கப்டனும் அடித்தார். சில நாளில் அந்தக் கப்பல் ஒரு தொடரணிக்குத் துணையாகப் புறப்பட்டது. பெப்ரவரி 10ஆம் நாள் இரவு டோர்ப்பிடோ பட்டது. அதே நேரத்தில் சரக்குக் கப்பல் ஒன்றும் தாக்கப்பட்டதால், மற்றவர்கள் எல்லாம் அந்த வெடிப்பைத்தான் கவனித்தார்கள். தங்களோடு வந்த கொர்வெட் காணாமற்போனதை விடிந்த பிறகே உணர்ந்தார்கள். தேடிப்போன கப்பல் ஒரு மிதவையில் 8 பேரைக் கண்டது. மற்றவர்கள் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது; தரையிலிருந்து அந்தத் துண்டை வெட்டியெடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் போரில் கனடாவின் கடற்படை இழந்த கப்பல்கள் 24. இறந்த கடற்படையினர் ஏறத்தாழ 2,000 பேர். கனடியக் கப்பல்கள் துணை நின்று கொண்டுபோய்ச் சேர்த்த வணிகக் கப்பல் பயணங்கள் 25,000க்கு மேல். இந்தக் கடைசி எண்ணை நான் பலமுறை படித்திருக்கிறேன். இதில் ஒவ்வொன்றும் ஒன்றும் நடக்காத ஒரு பயணம். அதை நடக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் நனைந்த உடுப்போடு விழித்திருந்தார்கள்.

இந்தக் கடல் நமக்கு அந்நியமா? வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் நம் கடலோடிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் பிடித்தது 1938இல். அடுத்த ஆண்டே போர். பிறகு 1986 ஓகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நம்மவர் 155 பேர். நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டுத் தத்தளித்தவர்களைக் கண்டது குஸ் டால்ட்டன் என்ற மீனவர். தன் படகில் ஏற்றினார். மற்றப் படகுகளையும் கூப்பிட்டார். அவர்களைக் கொண்டுபோய் இறக்கியதும் சென்ற் ஜோன்ஸில்தான்; கொர்வெட்டுகள் எரிபொருள் ஏற்றிப் புறப்பட்ட அதே துறைமுகம். அந்த 155 பேரின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்புகளில் இருக்கக்கூடும். நீரில் கிடப்பவனுக்காக நின்ற ஒருவரைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்து, நிற்க முடியாமற்போனவர்களின் கதையைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். நம்மைவிட நன்றாகவே புரியும்.

நாம் போரிலிருந்து ஓடிவந்தவர்கள். நம் பிள்ளைகளுக்குச் சண்டை என்றால் என்னவென்று காட்ட அட்டைப் பீரங்கி வேண்டாம் ஆசிரியர்களே. தாத்தாவின் முகத்தைப் பார்த்தால் போதும்.

என் வேண்டுகோள் சிறியது. ரொறன்ரோவிலிருந்து பஸ் பிடித்துப் பிள்ளைகளை ஹலிபக்ஸுக்குக் கூட்டிவருவது செலவான காரியம், அறிவேன். வருகிறவர்கள் கோடையில் வாருங்கள். குளிர்காலத்தில் சாக்வில்லைக் கடற்படைத் தளத்துக்குள் கொண்டுபோய்விடுவார்கள். மேலே பீரங்கிக்குப் பக்கத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கீழே இறங்கித் தொங்கு படுக்கைகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். மே மாதத்து முதல் ஞாயிறு என்றால் இன்னொன்றும் உண்டு: அன்று இறந்துபோன பழைய மாலுமிகளின் சாம்பலை அந்தக் கப்பலிலிருந்து கடலில் விடுவது வெகுகால வழக்கம்.

வரமுடியாதவர்களுக்கு அந்த நாடகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தப் பள்ளி கேட்டாலும் அனுப்புகிறேன். ஒரு தட்டு, பத்தடிக் கயிறு, ஒரு வாளித் தண்ணீர் போதும். குழம்பு வேண்டுமானால் நானே சமைத்துக்கொண்டு வருகிறேன், காரம் குறைவாக. மேடை நனையும் என்று அந்த ஆசிரியர் கவலைப்பட்டார். மேடையை நான் துடைத்துத் தருகிறேன். துடைத்துப் பழக்கமிருக்கிறது.

அன்புடன்,
ஹலிபக்ஸிலிருந்து ஒரு பழைய கப்பல் சமையற்காரன்